குரோசவாவை எந்தப் படத்திலிருந்து தொடங்குவது? ஐந்து படங்கள், ஓர் ஒப்பீடு

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் படங்களைப் பார்த்தே தீருவது என்று முடிவுசெய்த பலர், எதை முதலில் பார்ப்பது என்ற கேள்வியிலேயே மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். 1943 முதல் 1993 வரை, ஐம்பது ஆண்டுகளில், அவர் இயக்கியவை முப்பது படங்கள். அவற்றுள் ஒன்றரை மணி நேரத்தில் முடிவதும் உண்டு, மூன்றரை மணி நேரத்தை நெருங்குவதும் உண்டு. வாள் சுழலும் படமும் உண்டு, அரசு அலுவலகக் கோப்புகளுக்கு நடுவே நகரும் படமும் உண்டு. யாரிடமாவது கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பெரும்பாலும் தாம் முதலில் பார்த்த படத்தையே சொல்வார்கள் என்பது நான் கண்டது.

முதல் படம் தவறினால் இரண்டாவது படம் பார்க்கப்படாமலே போகிறது என்பதால், இதைச் சற்று யோசித்து முடிவெடுப்பதில் தவறில்லை. ‘குரோசவா என்றால் சாமுராய்’ என்று பதிந்துவிட்டவர், அவர் படங்களில் ஏறத்தாழப் பாதி அவருடைய சமகால ஜப்பானைப் பற்றியவை என்பதை அறியாமலே நின்றுவிடுகிறார். பரிந்துரைகளில் அடிக்கடி வரும் ஐந்து படங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: ராஷோமோன், இகிரு, ஏழு சாமுராய், ‘ஹை அண்ட் லோ’, ரான்.

## எதைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல் நேரம். படத்தின் நீளம் மட்டுமன்று, அது எந்த வகையான கவனத்தைக் கேட்கிறது என்பதும் இதில் சேரும். இரண்டாவது முன்னறிவு: ஜப்பானிய வரலாறோ நாடக மரபோ தெரியாதவர் எவ்வளவு இழப்பார்? மூன்றாவதை நான் ‘நகல்களின் தொல்லை’ என்பேன். குரோசவாவின் உத்திகள் உலகெங்கும் எடுத்தாளப்பட்டுவிட்டதால், மூலத்தைப் பார்க்கும்போது ‘இதை எங்கோ பார்த்திருக்கிறோமே’ என்ற அலுப்பு தோன்றும்; அந்த அலுப்பு எந்தப் படத்தில் அதிகம், எதில் குறைவு என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். நான்காவது, அந்தப் படம் அவருடைய வாழ்க்கையின் எந்தக் கட்டத்தைத் திறந்து காட்டுகிறது, அங்கிருந்து அடுத்து எங்கே போகலாம் என்பது. இந்த நான்காவதற்கே நான் அதிக எடை தருகிறேன். அதற்கு ஆளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

## படங்களுக்கு முன், ஆளைப் பற்றி

குரோசவா 1910 மார்ச் 23 அன்று டோக்கியோவில், எட்டுப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். தந்தை சாமுராய் வழிவந்தவர், கண்டிப்பானவர், ஆனால் சினிமா கல்விக்கு உதவும் என்று நம்பிப் பிள்ளைகளைத் திரையரங்குக்கு அழைத்துச் சென்றவர். 1923 செப்டம்பரில் பெரும் நிலநடுக்கம் டோக்கியோவை அழித்தபோது, பதின்மூன்று வயது அகிராவை அண்ணன் ஹெய்கோ எரிந்த நகருக்குள் நடத்திச் சென்று, குவிந்து கிடந்த பிணங்களைப் பார்க்கச் செய்தார். முகத்தைத் திருப்பிய தம்பியைத் திருப்ப விடவில்லை. அஞ்சுவதை நேராகப் பார்த்துவிட்டால் அச்சம் போய்விடும் என்பது அண்ணன் சொன்ன விளக்கம். இதைக் குரோசவா தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அந்த அண்ணன், மௌனப் படம் ஓடும்போது திரையருகே நின்று கதையை விவரித்துச் சொல்லும் பென்ஷி கலைஞராக இருந்தார். பேசும் படம் வந்ததும் அந்தத் தொழில் அழிந்தது. 1933இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஓவியராக விரும்பிய தம்பி, பின்னாளில் தோஹோ நிறுவனமாக மாறிய பி.சி.எல். படப்பிடிப்பு நிலையத்தில் 1936இல் உதவி இயக்குநராகச் சேர்ந்து, கஜிரோ யமமோட்டோவிடம் தொழில் கற்றார். ஜூடோ வீரர் ஒருவரைப் பற்றிய முதல் படம் 1943இல் வந்தது.

அதற்குப் பின் வருவது மிகவும் சமமற்ற ஒரு தொழில் வாழ்க்கை. 1943 முதல் 1965 வரை இருபத்து மூன்று படங்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் நான்கே படங்கள், ஐந்தாண்டுக்கு ஒன்றாக. தொலைக்காட்சி திரையரங்குகளை வெறுமையாக்கியது. அவர் கேட்ட செலவைத் தாங்க ஜப்பானிய நிறுவனங்கள் தயங்கின. ஹாலிவுட் கூட்டுத் தயாரிப்பான ‘டோரா! டோரா! டோரா!’ படத்திலிருந்து 1968 இறுதியில் அவர் விலக்கப்பட்டார். முதல் வண்ணப் படமான ‘டோடெஸ்கடென்’ 1970இல் தோற்றது. 1971 டிசம்பரில் அவர் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். கீழே வரும் ஐந்து படங்களில் நான்கு இந்த முறிவுக்கு முந்தியவை, ஒன்று மட்டும் பிந்தியது.

| படம் | ஆண்டு | நீளம் (நிமிடம்) | களம் | தொடங்குபவர் கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| ராஷோமோன் | 1950 | 88 | பழங்காலக் கியோட்டோ, காடு | உத்தி ஏற்கெனவே பழகிப்போனது |
| இகிரு | 1952 | 143 | போருக்குப் பிந்தைய நகராட்சி அலுவலகம் | பின்பகுதியின் வடிவ மாற்றம் |
| ஏழு சாமுராய் | 1954 | 207 | 16ஆம் நூற்றாண்டுக் கிராமம் | நீளம், வெட்டப்பட்ட பிரதிகள் |
| ஹை அண்ட் லோ | 1963 | 143 | யோகோஹாமா நகரம் | ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒரே அறை |
| ரான் | 1985 | சுமார் 160 | போரிடும் சிற்றரசுகளின் காலம் | பெரிய திரை வேண்டும் |

## ராஷோமோன்: குறுகிய வழி

நேரம் என்ற அளவுகோலில் இதை வேறெதுவும் வெல்லாது. ஜப்பானிய எழுத்தாளர் அகுதகவாவின் இரண்டு சிறுகதைகளை இணைத்து எழுதப்பட்ட இந்தப் படத்தில், காட்டில் நடந்த ஒரு கொலையைக் கொள்ளையன், மனைவி, இறந்தவனின் ஆவி, விறகுவெட்டி என நால்வர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். படப்பிடிப்பு தொடங்கும் முன்பே, கதை புரியவில்லை என்று உதவி இயக்குநர்கள் குரோசவாவிடம் வந்து கேட்டார்கள். தயாரித்த டாயே நிறுவனத் தலைவருக்கும் படம் பிடிபடவில்லை. 1951இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் பெற்றபோதுதான் ஜப்பானே அதைத் திரும்பிப் பார்த்தது. தம் படம் அங்கே அனுப்பப்பட்டதே குரோசவாவுக்குத் தெரியாது. மீன்பிடிக்கப் போய்த் தூண்டில் நரம்பு அறுந்து வெறுங்கையோடு வீடு திரும்பிய அன்று, வாசலில் மனைவி சொல்லித்தான் அவர் விருதுச் செய்தியை அறிந்தார்.

இதில் மறைந்திருக்கும் செலவு, நான் மேலே சொன்ன நகல்களின் தொல்லைதான். தமிழ்ப் பார்வையாளருக்கு இது இன்னும் கூடுதல். ஒரே நிகழ்வைப் பலர் பலவாறு சொல்லும் முறை 1954இல் ‘அந்த நாள்’ வழியாகவும், 2004இல் ‘விருமாண்டி’ வழியாகவும் நம்மிடம் வேரூன்றிவிட்டது. ஆகவே உத்தியைக் கண்டு வியக்கப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். ஒளிப்பதிவாளர் கஸுவோ மியகவா கேமராவை நேராகச் சூரியனை நோக்கித் திருப்பியதையும், அடர்ந்த காட்டுக்குள் கண்ணாடிகளால் வெயிலைத் திருப்பி முகங்களில் விழவைத்ததையும், மழை திரையில் தெரிவதற்காகத் தண்ணீரில் கறுப்பு மை கலந்ததையும் கவனித்துப் பார்ப்பவருக்கு இது இன்றும் புதிய படம். நடிப்பு, குறிப்பாகக் கொள்ளையனாக வரும் நடிகர் தோஷிரோ மிஃபுனேயின் உறுமலும் சிரிப்பும், முதல் பார்வையில் மிகையாகத் தோன்றும். ஒவ்வொருவரும் தம்மைப் பற்றித் தாமே சொல்லும் கதை என்பதால் அந்த மிகை பொருந்தியே வருகிறது என்பது இரண்டாம் முறையில்தான் பிடிபடும்.

எழுதுபவர்கள், திரைக்கதை கற்பவர்கள், ஒரு மாலையில் ஒன்றரை மணி நேரம் மட்டும் ஒதுக்க முடிந்தவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

## ஏழு சாமுராய்: நீண்ட வழி

அறுவடைக்குப் பின் வரப்போகும் கொள்ளையருக்கு அஞ்சிய ஒரு கிராமம், கூலியாகச் சோறு மட்டும் தந்து ஏழு வீரர்களை அமர்த்துகிறது. கதை இவ்வளவுதான். இதைச் சொல்ல 207 நிமிடம் எதற்கு என்று கேட்பவர்களே இடையில் எழுந்து போகிறவர்கள். முதல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஆள் தேடும் வேலை மட்டுமே நடக்கிறது. பெரிய மோதல் எதுவும் கிடையாது. வாரநாள் இரவில் பத்து மணிக்கு இதைத் தொடங்குவது, படத்துக்கும் பார்ப்பவருக்கும் செய்யும் அநீதி.

ஆனால் அந்த நீளம் வீணாகச் சேர்ந்ததன்று. குரோசவா முதலில் எண்ணியது ஒரு சாமுராயின் ஒரே ஒரு நாளைப் படமாக்குவது. அக்காலச் சாமுராய் மதிய உணவு உண்டானா என்பது போன்ற சிறிய விவரங்களை உறுதிசெய்ய முடியாமல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் பிடிவாதம் அடுத்த திட்டத்துக்கு இடம்பெயர்ந்தது. ஷினோபு ஹஷிமோட்டோ, ஹிதியோ ஒகுனி ஆகியோருடன் அத்தாமி என்ற கடலோர ஊரில் ஒரு விடுதியில் அடைந்து கிடந்து அவர் திரைக்கதையை எழுதினார். கிராமவாசிகள் ஒவ்வொருவரையும் குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பதிவேடு தயாரித்தார். விளைவு: படம் முடியும்போது எந்த வீடு எந்தப் பக்கம், எந்த வேலியில் ஓட்டை, எத்தனை பேர் மிச்சம் என்று நமக்கே கணக்குத் தெரிந்திருக்கிறது. இறுதியில் கொட்டும் மழையில், பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுத்த சண்டையில் குழப்பமின்றி நாம் எல்லாவற்றையும் தொடர முடிவதற்குக் காரணம், அந்த முதல் இரண்டு மணி நேரம்.

செலவும் கட்டுமீறியது. தோஹோ நிறுவனம் படப்பிடிப்பை நிறுத்தியபோதெல்லாம் குரோசவா மீன்பிடிக்கப் போய்விட்டார். அவ்வளவு பணம் போட்டவர்கள் பாதியில் கைவிடமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. கணக்கு தவறவில்லை. பின்னாளில் அதே பிடிவாதமே அவருக்குப் பணம் போட ஆளில்லாமல் செய்தது என்பதையும் இந்த இடத்தில் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. வெளிநாடுகளில் வெகுகாலம் சுற்றிவந்தது பெருமளவு வெட்டிச் சுருக்கிய பிரதி. இப்போதும் பார்க்கத் தொடங்கும் முன் நீளம் மூன்றரை மணி நேரத்தை ஒட்டி இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்வது நல்லது. இரண்டாவது, 1960இல் வந்த அமெரிக்கத் தழுவலில் தொடங்கி, ஆள் சேர்த்துப் போரிடும் படங்கள் எல்லா மொழிகளிலும் வந்துவிட்டன. இருந்தும் ராஷோமோனுக்கு நேர்ந்தது இதற்கு நேரவில்லை என்றே சொல்வேன். நகலெடுத்தவர்கள் வீரர்களை எடுத்துக்கொண்டார்கள். உழவர்களின் தந்திரத்தையும் கோழைத்தனத்தையும் பதுக்கி வைத்த நெல்லையும், அவற்றுக்குச் சாமுராய்களே காரணம் என்று மிஃபுனே கத்தும் அந்தக் காட்சியையும் யாரும் எடுத்துச் செல்லவில்லை.

விடுமுறை நாளில், வீட்டில் நாலைந்து பேராக, நடுவே வரும் இடைவேளையில் சாப்பிட்டுவிட்டுத் தொடரும் வசதி உள்ளவர்களுக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை.

## இகிரு: அலுவலகத்து வழி

‘வாழ்தல்’ என்று பொருள்படும் இந்தப் படம், ஓர் எக்ஸ்ரே படத்துடன் தொடங்குகிறது. இது நம் கதாநாயகனின் இரைப்பை, அதில் புற்றுநோய் இருக்கிறது, அவருக்கு இன்னும் தெரியாது என்று ஒரு குரல் சொல்கிறது. கண்ணைத் திருப்பாதே என்று தம்பிக்குச் சொன்ன அண்ணனின் நினைவு எனக்கு இங்கே வராமல் இருப்பதில்லை. முப்பது ஆண்டுகளாக நகராட்சியில் முத்திரை குத்திக்கொண்டிருக்கும் வதனபே, எஞ்சிய சில மாதங்களில் என்ன செய்வது என்று தேடுவதே கதை. டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’ இதற்குத் தூண்டுதல்.

முன்னறிவு என்ற அளவுகோலில் இந்தப் படத்துக்கு ஏறத்தாழ முழு மதிப்பெண் தரலாம். சாக்கடைத் தேக்கம் குறித்து மனு கொடுக்க வந்த பெண்களை ஒவ்வொரு பிரிவும் அடுத்த பிரிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் அந்தத் தொடர்காட்சியைப் புரிந்துகொள்ள, ஜப்பானிய வரலாறு எதற்கு? தாலுகா அலுவலகம் ஒன்றுக்கு ஒருமுறை போய்வந்தவருக்கு அதில் அடிக்குறிப்பே தேவைப்படாது.

இதன் மறைமுகச் செலவு பின்பகுதியில் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு கடந்ததும் கதை சொல்லும் முறை திடீரென்று மாறுகிறது. மிச்சக் கதை, மது அருந்திக்கொண்டு பேசும் சக ஊழியர்களின் வாய்வழியாக, துண்டு துண்டாக வருகிறது. இதற்கு ஆயத்தமில்லாதவர் படம் முடிந்துவிட்டது, ஏன் இழுக்கிறார்கள் என்று எண்ணக்கூடும். ராஷோமோனில் பலர் பலவிதமாகச் சொன்ன அதே முறை இங்கே ஒரு எளிய மனிதரின் நல்ல செயலைப் பற்றி விசாரிக்கத் திரும்ப வருகிறது என்பதைக் கண்டுகொண்டால், படத்தின் உண்மையான கூர்மை அங்கேதான் இருப்பது தெரியும்.

இன்னொன்று: மிஃபுனேயும் குரோசவாவும் 1948இலிருந்து 1965 வரை பதினாறு படங்களில் சேர்ந்து பணியாற்றினார்கள், அந்தக் காலத்தில் மிஃபுனே இல்லாத ஒரே குரோசவா படம் இதுதான். முழுப் பாரமும் தகாஷி ஷிமுராவின் தோளில். குனிந்த முதுகோடு தொண்டைக்குள்ளேயே பேசும் இந்த மனிதர்தான் இரண்டே ஆண்டுகளில் ஏழு சாமுராய்களின் நிதானமான தலைவராக வருகிறார் என்பதை, இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நம்புவது கடினம். நாற்பதைக் கடந்தவர்களுக்கும், சண்டைப் படங்களில் விருப்பமில்லாதவர்களுக்கும் இதையே சொல்வேன். அண்மையில் நெருங்கிய ஒருவரை இழந்தவர்கள் சிறிது காலம் தள்ளிவைப்பது நல்லது.

## ஹை அண்ட் லோ: நகரத்து வழி

ஜப்பானியப் பெயர் ‘சொர்க்கமும் நரகமும்’. காலணி நிறுவன அதிகாரி ஒருவரின் மகனைக் கடத்துவதாக எண்ணி, அவருடைய கார் ஓட்டுநரின் மகனைக் கடத்திவிடுகிறார்கள். நிறுவனத்தைக் கைப்பற்ற அவர் கடன் வாங்கித் திரட்டி வைத்த பணத்தை, வேறொருவர் பிள்ளைக்காகக் கொடுப்பாரா? முதல் ஒரு மணி நேரம் ஏறத்தாழ முழுவதும், குன்றின் மேலுள்ள வீட்டின் ஒரே கூடத்தில் நடக்கிறது. அதன் பின் ஓடும் ரயிலுக்குள் ஒரு பாய்ச்சல். பிறகு கீழே வெயிலில் வேகும் நகரின் சந்துகளில் காவல்துறையின் தேடல். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரே ஓரிடத்தில் இளஞ்சிவப்புப் புகை வண்ணத்தில் எழுகிறது. எதற்கென்று சொல்லிவிட்டால் பார்ப்பவரின் பங்கைப் பறித்ததாகும்.

இகிருவுக்கும் இதற்கும் நீளம் ஒன்றே, 143 நிமிடம். ஆனால் இதில் நேரம் போவது தெரியாது. இன்றைய குற்றப்புலனாய்வுப் படங்களில் பழகியவருக்குத் தடையே இராது. குறை என்றால், இதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தியவர் குரோசவாவைத் தேர்ந்த திகில்பட இயக்குநர் என்று மட்டும் எண்ணிவிடலாம். கடைசிக் காட்சியில் கண்ணாடித் தடுப்பின் இருபுறமும் இரண்டு முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதைக் கவனித்தவர் அப்படி எண்ணமாட்டார்.

## ரான்: முடிவிலிருந்து தொடங்கும் வழி

முறிவுக்குப் பின் குரோசவாவை மீட்டவர்கள் வெளிநாட்டார். சோவியத் நிறுவனமான மாஸ்பிலிம் தயாரித்த ‘தெர்சு உசாலா’ 1975ஆம் ஆண்டின் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது. அமெரிக்க இயக்குநர்கள் கப்போலாவும் லூகாஸும் துணைநின்ற ‘ககெமுஷா’ 1980இல் கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பகிர்ந்துகொண்டது. பிரான்ஸில் இயங்கிய தயாரிப்பாளர் செர்ஜ் சில்பர்மேன் துணையுடன், எழுபத்தைந்து வயதில் முடித்த படம் ரான். ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ கதையை, மூன்று மகன்களுக்கு நாட்டைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு போர்த்தலைவனின் கதையாக அது மாற்றுகிறது. பணம் கிடைக்காத ஆண்டுகளில் காட்சிகளை ஓவியங்களாகவே அவர் தீட்டி வைத்திருந்தார். ஓவியராக விரும்பிய இளைஞன் ஒருவழியாகத் தூரிகைக்குத் திரும்பியதற்குக் காரணம் இந்த முடக்கம்தான். படப்பிடிப்புக் காலத்திலேயே மனைவி காலமானார்.

மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று மகன்களின் படைகளும் நிறத்தாலேயே பிரித்துக் காட்டப்படுவதால் போர்க்களத்தில் யார் யார் என்ற குழப்பமில்லை. கோட்டை எரியும் நீண்ட காட்சியில் அலறல், வாளோசை அனைத்தும் நீக்கப்பட்டு, டோரு தகெமிட்சுவின் இசை மட்டும் ஒலிக்கிறது. ஒரு துப்பாக்கிச் சத்தம் அதை உடைக்கிறது. கைப்பேசியில் பார்த்தால் இவையெல்லாம் வீண். கேமரா பெரும்பாலும் தொலைவிலேயே நிற்பதால், முகங்கள் சிறிய திரையில் புள்ளிகளாகிவிடும். பெரிய திரையோ நல்ல தொலைக்காட்சியோ இல்லாதவர் இதை ஒத்திவைக்கலாம்.

இதிலிருந்து தொடங்குவதில் எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. முந்தைய படங்களில் ஒரு குழந்தையோ ஒரு பூங்காவோ எஞ்சி நிற்கும். இதில் எஞ்சுவது மிகக் குறைவு. அந்த இருளுக்கு இயக்குநர் எவ்வளவு தூரம் நடந்து வந்து சேர்ந்தார் என்பது, முந்தையவற்றில் ஒன்றையாவது பார்த்தவருக்கே உறைக்கும். ஆனால் ஓவியம், நாடகம், ஆடை வடிவமைப்பு ஆகியவற்றின் பக்கமிருந்து வருபவர்களுக்கு இந்தத் தயக்கம் பொருந்தாது. எமி வாடாவுக்கு ஆஸ்கர் பெற்றுத்தந்த உடைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலே அந்த 160 நிமிடம் நிறைந்துவிடும்.

## புத்தகத்திலிருந்து தொடங்கலாமா?

சிலர் முதலில் அவருடைய நினைவுக் குறிப்பைப் படிக்கலாமா என்று கேட்கிறார்கள். ஜப்பானிய மூலத்தில் அதன் பெயர் ‘தேரைத் தைலம்’; கண்ணாடிப் பெட்டிக்குள் தன் உருவத்தைத் தானே பார்த்து மிரண்டு வியர்க்கும் தேரையைப் பற்றிய பழங்கதையிலிருந்து எடுத்தது. அருமையான நூல். ஆனால் 1950இல், ராஷோமோனோடு அது நின்றுவிடுகிறது; மேலே சொன்ன ஐந்தில் நான்கு அதில் வராது. ராஷோமோனைப் பார்த்த வாரத்தில் படிக்க ஏற்றது என்பது என் கருத்து.

## என் தேர்வு

எவரைப் பற்றியும் எதுவும் தெரியாமல் ஒரே ஒரு பெயர் சொல்லியாக வேண்டுமென்றால், ‘ஹை அண்ட் லோ’ என்பேன். முன்னறிவு கேட்பதில்லை, நகல்களால் தேய்ந்துபோகவும் இல்லை, பாதியில் விட்டுப் போகவும் விடாது. அதற்குப் பத்து நாள் கழித்து இகிரு. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஒதுக்கி ஏழு சாமுராய். இந்த மூன்றுக்கும் பின் ராஷோமோனைப் பார்த்தால், அதன் உத்தியைத் தாண்டி அந்தக் காட்டு வெளிச்சத்தைப் பார்க்கும் கண் வந்திருக்கும். ரானைப் பொறுத்தவரை, உங்கள் ஊர்த் திரைப்படக் கழகமோ விழாவோ அதைத் திரையிடும் நாளுக்காகக் காத்திருங்கள். அதுவரை அதன் போர்க்காட்சிகளைத் துண்டு துண்டாக இணையத்தில் பார்த்துவிடாமல் இருப்பது மட்டுமே சிரமம்.